பியானோமேல் போட்ட பழி

பார்க்வே ஃபோர் என்ற நால்வர் குழுவில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று இருந்தது. லூவினியாவின் காதும் பியானோவும் ஒத்துப்போகவில்லை என்றால் தப்பு பியானோவுடையது. அதற்குமேல் அங்கே பேச்சு கிடையாது.

சட்டம் ஒன்றும் வானத்திலிருந்து விழவில்லை. 1941இல் டெட்ராய்ட்டில் ஒரு கிளப். நாலு பேரும் வழக்கம்போல வாத்தியம் இல்லாமல் பாட்டைத் தொடங்கினார்கள். எட்டுத் தாளவட்டம் முடிந்து பியானோ வந்து சேர்ந்ததும் கேட்டவர்களுக்குப் பல் கூசியது. கிளப்காரன் மேடையருகே வந்து பாடுகிறவர்களைத் திட்டினான். மற்ற மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். லூவினியா மட்டும், "ஐயா, உங்க பியானோ அரைக் கட்டை இறங்கிக் கிடக்கு. ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்க" என்றாள். மறுநாள் சுருதி கூட்டும் ஆள் வந்தான், தட்டிப் பார்த்தான், காதைத் தேய்த்துக்கொண்டான், இந்தம்மா சொன்னது சரி என்றான். குழுத் தலைவன் தாடியஸ் பிக்கன்ஸ் இந்தக் கதையைப் போகிற ஊரிலெல்லாம் சொல்லுவான். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. பதினேழு வருடத்தில் அந்த ஆள் லூவினியாவின் காலில் விழுகிற அளவுக்கு வந்துவிட்டது.

லூவினியா கெயின்ஸ் மிசிசிப்பியில் பிறந்து, ஏழு வயதில் ரயிலேறி சிகாகோவுக்கு வந்தவள். அப்பாவுக்கு இறைச்சிக் கிடங்கில் வேலை. பத்து வயதில் தேவாலயப் பாட்டுக் குழுவில் சேர்ந்தபோதுதான், கதவு கிரீச்சிடுவது எந்த ஸ்வரம், கெட்டில் கூவுவது எந்த ஸ்வரம் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிகிற விஷயமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. சிவப்பைப் பார்த்தால் சிவப்பு என்று தெரிகிறமாதிரி அதுவும் ஊருக்கே தெரியும் என்று நினைத்திருந்தாள். அந்தக் காதை வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் ஒரு தொழிற்சாலையில் விளக்குக் குடைகளுக்குக் குஞ்சம் தைத்தாள். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் ரோஸ்கோவைக் கட்டிக்கொண்டாள். தேவாலயத்தில் அடிக்குரல் பாடிய தாடியஸ் 1938இல் குழு சேர்த்தபோது, முதலில் கேட்டது அவளைத்தான். அவளோடு தங்கை கிளியோத்தாவும், வில்பர்ட் சைக்ஸ் என்ற முடிதிருத்தும் கடைக்காரனும் சேர்ந்தார்கள்.

கிளியோத்தாவுக்கு மேல் குரல், பாட்டின் முகமே அவள்தான். வில்பர்ட் அதற்குக் கீழே. தாட் என்கிற தாடியஸ் அடியில். நடுவில், வில்பர்ட்டுக்கும் தாட்டுக்கும் இடையில் லூவினியா. இந்த நடுக்குரலைப் போல நன்றிகெட்ட வேலை உலகத்தில் கிடையாது. மெட்டு அதில் இல்லை. தனியாகப் பாடிக் காட்டினால் பைத்தியம் முணுமுணுப்பது போல இருக்கும். முதல் இசைத்தட்டு வந்தபோது அவள் அம்மா ஒலிபெருக்கியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "தங்கச்சி குரல் மணியா கேக்குது. உன் குரல் எங்கேடி?" என்றாள்.

"நடுவுல இருக்கும்மா."

"நடுவுலன்னா எங்க?"

லூவினியாவால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. அதற்கப்புறம் பதினோரு தட்டுகள் வந்தன. இரண்டில் அவள் பெயரை லவீனா என்று அச்சடித்தார்கள், ஒன்றில் பெயரே இல்லை. அவள் அதற்கெல்லாம் முகம் சுளித்தவளில்லை. ஏனென்றால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒரு நொடி அவளுடையதாக இருந்தது. மற்ற குழுக்களில் ஒருவன் சின்ன வட்டக் குழலை ஊதிச் சுருதி எடுத்துக் கொடுப்பான். பார்க்வே ஃபோரில் அந்தக் குழலை மேடையில் கண்டதில்லை. லூவினியா பக்கத்திலிருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி ஒரு ஸ்வரத்தை முனகுவாள், மூவரும் அதைப் பிடித்துக்கொண்டு பாய்வார்கள். எங்கிருந்து சுருதி வந்தது என்று தெரியாமல் கூட்டம் மலைத்துப்போகும். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் இருபது வருடம் பேருந்திலும் ரயிலிலும் அல்லாடினாள்.

1957 வசந்தத்தில் ஒருநாள் வீட்டில் பழைய தட்டு ஒன்றைப் போட்டாள். பாட்டு அரைக் கட்டை ஏறிக் கேட்டது. "இது வேகமா ஓடுதுங்க" என்றாள் ரோஸ்கோவிடம். அவன் செய்தித்தாளை மடிக்காமலே, "எனக்கு எப்பவும்போலத்தான் இருக்கு" என்றான். இரவல் வண்டியில் இசைத்தட்டுப் பெட்டியைத் தூக்கிப்போட்டுக்கொண்டு நாற்பத்தேழாம் தெருவில் ரிப்பேர்க் கடைக்குப் போனாள். கடைக்காரர் அடையாளம் போட்ட தட்டை ஓடவிட்டு எண்ணினார். "நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுத்து. ஒண்ணு கூடலை, ஒண்ணு குறையலை. எங்கிட்ட ரிப்பேர் பண்ண ஒண்ணும் இல்லம்மா."

அந்த ஞாயிறு தேவாலயத்தில், முப்பத்தைந்து வருடமாக ஈ ஃப்ளாட் என்ற சுருதியில் பாடிவரும் பாட்டு, அதற்கு அரைக் கட்டை மேலே ஈயில் ஒலித்தது. ஆர்கன்காரரைப் பார்த்தாள். அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர்கள் கண்ணை மூடி உருகிப் பாடினார்கள். இசைத்தட்டும் ஆர்கனும் கூடிப் பேசிக்கொண்டு ஒரே மாதிரி பொய் சொல்லுமா என்ன? மாறியது உலகம் இல்லை, தான்தான் என்று அவளுக்கு அந்த மர இருக்கையில் விளங்கியது.

காது வைத்தியர் பரிசோதித்துவிட்டு, "நாப்பத்தாறு வயசுக்கு அருமையான காது. கண்ணுக்கு வேணா கண்ணாடி போடுங்க" என்று அனுப்பிவைத்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவருக்கு அது வியாதியாகவே படவில்லை. ஊரில் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட இல்லாத ஒன்று கெட்டுப்போனால் யாரிடம் போய் அழுவது?

யாரிடமும் அழவில்லை. கணக்குப் போட ஆரம்பித்தாள். தன் தலைக்குள் ஈ ஃப்ளாட் என்று கேட்பது நிஜத்தில் அதற்கு அரைக் கட்டை கீழே. அதனால் தலைக்குள் ஈயை நினைத்துக்கொண்டு பாடினால், வெளியே ஈ ஃப்ளாட் வரும். சொல்ல எளிது. ஆனால் பிறந்ததிலிருந்து சிவப்பு என்று தெரிந்ததைப் பச்சை என்று சொல்லிக்கொண்டே இருப்பது லேசுப்பட்ட வேலையா? சில சமயம் அரைக் கட்டையைக் கூட்டியாயிற்றா இல்லையா என்பதே மறந்துபோகும், அடுப்பில் கொதிக்கும் கீரையில் உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வருவதுபோல. இரவில் தூக்கம் போயிற்று. இந்த ஒரு நொடி கையைவிட்டுப் போனால் தன்னிடம் என்ன மிச்சம் இருக்கும்? ஆனாலும் ஒன்றரை வருடத்தில் ஒரு மேடையிலும் பியானோவோடு மோதவில்லை. கணக்கு பலிக்கிறது என்று நம்பினாள்.

1958 அக்டோபரில் நியூயார்க் கம்பெனி ஒன்று கூப்பிட்டது. பன்னிரண்டு பாட்டு, பெரிய தட்டு, அட்டையில் நால்வர் படம். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு அழைப்பு வந்ததேயில்லை. ஒலிப்பதிவு மத்தியானம் இரண்டு மணிக்கு. பியானோ வாசிக்க ஆர்டெல் மூடி என்பவன். இரண்டு வருடமாகக் குழுவோடு வாசிப்பவன், முப்பத்தைந்து வயது, அதற்கு முன்னால் மொடாக்குடியன். விட்டுவிட்டான் என்று அவன் சொன்னான். விட்டானா என்று மற்றவர்கள் தினமும் மோந்து பார்த்தார்கள்.

முதல் பாட்டு வாத்தியமில்லாமல் எட்டுத் தாளவட்டம். பிறகு பியானோ மட்டும் நுழையும். கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவாளர் ஹாலரன் கையசைத்தார். லூவினியா முனகினாள். நால்வரும் பாய்ந்தார்கள். ஒன்பதாவது வட்டத்தில் ஆர்டெலின் விரல் விழுந்ததும் எல்லாம் நாராசமாகிவிட்டது.

"ஆர்டெல், எதுல வாசிக்கிறே?" என்றான் தாட்.

"ஈ ஃப்ளாட்லதாண்ணே."

"மறுபடி."

அரைக் கட்டையைக் கூட்ட மறந்துவிட்டோம் என்று லூவினியாவுக்குப் புரிந்தது. இந்தமுறை கூட்டினாள். பதற்றத்தில் இரண்டுமுறை கூட்டிவிட்டாள். முதலில் பியானோ மேலே நின்றது, இப்போது கீழே நின்றது.

தாட் தாளைக் கீழே போட்டான். "ஒருதடவை மேலே, ஒருதடவை கீழே. காலையிலதான் அந்தப் பியானோவுக்குச் சுருதி பாத்துட்டுப் போனாங்க. அப்ப கோளாறு விரல்லதான். ஆர்டெல், கிட்ட வந்து வாயை ஊது பாப்போம்."

ஆர்டெல் எழுந்து வந்து ஊதினான். முப்பத்தைந்து வயது ஆள், குழந்தை மாதிரி.

"புதினா மிட்டாய் வாசனை வருது" என்றான் வில்பர்ட்.

"மிட்டாய் தின்னா புதினா வாசனைதான் வரும்ண்ணே."

"ஏன் தின்னே? எதை மறைக்க?" என்றான் தாட். "போதும்ப்பா. இருபது வருஷமாக் காத்திருந்து கிடைச்ச நாள் இது. கோட்டை எடுத்துக்க. நான் வேற ஆளுக்கு போன் பண்றேன்."

ஆர்டெல் வாதாடவில்லை. அதுதான் லூவினியாவைச் சுட்டது.

"தாட்," என்றாள். "தப்பு பியானோவோடது இல்லை. என்னோடது. என் காது போயிடுச்சு. ஒன்றரை வருஷமா எல்லாமே அரைக் கட்டை ஏறிக் கேக்குது. ரெண்டு தடவையும் நான்தான் தப்பாக் குடுத்தேன்."

தாட் சிரித்துவிட்டான். "நீ யாருக்குன்னாலும் இப்படித்தான் பேசுவே லூவினியா. போன வருஷம் வில்பர்ட் வரியை மறந்தப்பகூட நீதான் மறந்தேன்னு சொன்னே."

"அது வேற. இது நிஜம்."

"அக்கா, இரக்கத்துக்கும் ஒரு அளவு வேணும்" என்றாள் கிளியோத்தா. "அவன் குடிச்சதுக்கு நீ ஏன் காதை அடமானம் வைக்கிறே?"

இதைவிடக் கொடுமை என்ன வேண்டும்? ஒன்றரை வருடம் மூடி மூடி வைத்ததை உயிரைக் கொடுத்துச் சொன்னால், அது அவளுடைய நல்ல குணத்துக்குச் சான்றாகப் போய்விட்டது. "சரி. நான் சுவரைப் பாத்து நிக்கறேன். ஆர்டெல் ஏதாவது ஒரு கட்டையைத் தொடட்டும். நான் சொல்றேன். நீங்களே பாருங்க" என்றாள்.

தாட் ஹாலரனைப் பார்த்து இரண்டு நிமிஷம் என்று விரல் காட்டினான். ஆர்டெல் போய் உட்கார்ந்தான். கட்டைகள் அவன் முதுகுக்கு மறைவில் இருந்தன. ஒரு ஸ்வரம் ஒலித்தது.

"ஏ ஃப்ளாட்" என்றாள் சுவரிடம்.

"சரி" என்றான் ஆர்டெல்.

இன்னொன்று. "டி."

"சரிதான்."

தவறு என்ற சொல்லுக்காகக் காத்திருந்தவளுக்குக் காலடியில் தரை நழுவுவதுபோல இருந்தது. மூன்றாவது. "பி" என்றாள்.

"சரி."

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவள் நம்பிவிட்டாள். காது திரும்பிவிட்டது, எப்படியோ, இந்த அறையில், இந்த நிமிஷத்தில். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்ட, திரும்பி ஓடி பியானோவண்டை வந்தாள். ஆர்டெல் விரலை எடுத்திருக்கவில்லை. விரல் அவள் சொன்னதற்கு அரைக் கட்டை கீழே, பி ஃப்ளாட்மேல் இருந்தது.

அவன் அவளை நிமிர்ந்து பார்க்காமல் பியானோவின் மூடியைச் சாத்தினான். கிளியோத்தா அக்காவைக் கட்டிக்கொண்டாள். "பாத்தியா? ஒண்ணும் ஆகலை உனக்கு. வீண் பயம்." தாட் போனைத் தேடிப் போனான். வில்பர்ட் சிகரெட் பற்றவைத்தான். ஆர்டெல் கோட்டை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து போனான். அவ்வளவு நேரமும் லூவினியா வாயைத் திறக்கவில்லை. இதை மறைப்பதற்கில்லை. காப்பாற்றப்பட்டாயிற்று, இனி ஜென்மத்துக்கும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்ற நினைப்பு தேன்போல உள்ளே இறங்கியது. அது இறங்கிய இடத்தில்தான் அவளுக்குக் குமட்டியது.

தாழ்வாரத்தில் அவனைப் பிடித்தாள். "ஏன்ப்பா பொய் சொன்னே?"

"என்னை நம்பாம இருக்கிறது அவங்களுக்குப் பழகிப்போச்சுக்கா. உங்களை நம்பாம அவங்க எப்படிப் பாடுவாங்க?"

"உனக்கு எப்பத் தெரியும்?"

ஆர்டெல் தொப்பியைச் சுற்றிக்கொண்டே நின்றான். "மேடையில நீங்க பாடத் தொடங்கினதும் எனக்கு மட்டும் கேக்கற மாதிரி ஒரு கட்டையைத் தொட்டுப் பாப்பேன். நீங்க எதுல இருக்கீங்களோ அதுலயே நுழைஞ்சிடுவேன். சில நாள் அரைக் கட்டை கீழே டி, சில நாள் மேலே ஈ. இங்க அது முடியலை. மூச்சு விட்டாக்கூட மைக்கு பிடிச்சிடும்."

"எத்தனை நாளா?"

"பத்து மாசமா."

"எத்தனை தடவை?"

"விடுங்கக்கா."

"எத்தனை தடவைப்பா?"

"பாதி நாள்" என்றான்.

அப்படியானால் கணக்கு பலிக்கவே இல்லை. தான் நிமிர்ந்து நின்ற மேடையெல்லாம் இவன் பின்னாலேயே வந்து தாங்கிப் பிடித்த மேடை. இவனைத்தான் உள்ளே வாயை ஊதச் சொன்னார்கள். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். அவன் வேண்டாம் வேண்டாம் என்றான். விடவில்லை. உள்ளே இழுத்துக்கொண்டு வந்து, தங்கையைப் பியானோமுன் உட்கார வைத்தாள்.

"நீ தொடு கிளியோ. நீயே பாத்துத் தொடு. தாட், நீ போனை வெச்சுட்டு இங்க வா, கட்டையைப் பாரு."

சுவரைப் பார்த்து நின்றாள். ஸ்வரம் ஒலித்தது. "எஃப்" என்றாள். பதில் இல்லை. இன்னொன்று. "சி." பதில் இல்லை. மூன்றாவது ஒலிக்க வெகுநேரமாயிற்று. "ஏ ஃப்ளாட்" என்றாள்.

"போதும்க்கா" என்றாள் கிளியோத்தா. "போதும், திரும்பிடு."

தாட் பியானோவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஆர்டெலிடம் போய், "கோட்டைக் கழட்டுப்பா" என்றான். மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. வில்பர்ட் மட்டும் சிகரெட்டை நீட்டினான்.

கண்ணாடிக்குப் பின்னால் ஹாலரன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். சுருதியைப் பியானோ கொடுத்தது. ஈ ஃப்ளாட். லூவினியாவுக்கு அது ஈயாகக் கேட்டது. கையிலிருந்த தாளில் ஒரு ஸ்வரம் எழுதியிருந்தது, காதில் வேறு ஒன்று ஒலித்தது, எதைப் பாடுவது என்று தெரியாமல் பாதி வழியில் வழுக்கினாள். மறுபடி. மறுபடியும் வழுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு தங்கையின் குரலைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தாள், அதுவும் முடியவில்லை. ஐந்தாவது தடவைக்குப் பிறகு தாட் அருகே வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்.

"லூவினியா, நீ செத்த உக்காரு. மூணு பேரு பாடிப் பாக்கறோம். ஒரு தடவைதான்."

சுவரோரம் ஒரு மடக்கு நாற்காலி இருந்தது. போய் உட்கார்ந்தாள். நடுக்குரல் இல்லாமல் பாட்டு எப்படி நிற்கும், திரும்பக் கூப்பிடுவார்கள் என்று ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. மூவரும் தொடங்கினார்கள். எட்டு வட்டமும் ஓட்டையாகத்தான் கேட்டது. அவளுக்கு வெட்கம்கெட்ட ஒரு சந்தோஷம் வந்தது. ஒன்பதாவதில் ஆர்டெல் நுழைந்தான். நல்ல மனசுக்காரன், அவள் இடம் வெறுமையாக நிற்பது பொறுக்காமல், அவள் பாடவேண்டிய ஸ்வரங்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனான். ஓட்டை அடைபட்டுவிட்டது. எங்கே இருந்தது என்று தேடினாலும் தெரியவில்லை.

"ஆரம்பத்துலயும் அப்படியே தொட்டுக் குடு ஆர்டெல்" என்றான் தாட். ஆர்டெல் நாற்காலிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். வேறு என்ன செய்வாள்?

மறுபடி பாடினார்கள். ஹாலரன் ஒலியளவு காட்டும் ஊசிகளையே பார்த்துக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை. பாட்டு முடிந்ததும் ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. "இப்பதான் சரியா வந்திருக்கு. நாலு பேரும் நல்லா ஒட்டிட்டீங்க. இதையே வெச்சுக்கலாம்."

யாரும் அவரைத் திருத்தவில்லை. தாட் தாளைப் புரட்டினான். அடுத்த பாட்டுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை.